டயலில் 300 மீட்டர், உள்ளே உப்புத் தண்ணீர்

வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த காசில் வாங்கிய டைவிங் வாட்சைக் கட்டிக்கொண்டு குளச்சலிலும் முட்டத்திலும் கடலில் இறங்குகிறவர்கள் உண்டு. இறங்கட்டும், அதற்காகச் செய்த பொருள்தான். ஆனால் டயலில் உள்ள ‘300 மீட்டர்’ ஆயுள் முழுக்கச் செல்லும் வாக்குறுதி அல்ல. ஐஎஸ்ஓ 6425 தரப்படி, குறித்த ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் கடிகாரத்தைச் சோதிக்கிறார்கள். அது புதிதாக இருந்தபோது நடந்த சோதனை.

தண்ணீரைத் தடுப்பது சாவியிலும் பின்மூடியிலும் உள்ள வாஷர்கள். வியர்வை, உப்பு, வெந்நீர் என்று பட்டுப் பட்டு அவை இறுகிவிடும். மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் சிர்கானும் கலந்திருக்கின்றன. சபையர் கண்ணாடி அதைத் தாங்கும், ஸ்டீல் தாங்காது. அந்த மணல் சாவியின் திருகுமரையில் ஒட்டியிருக்கும்போது திருகினால் மரை தேயும், பிறகு சாவி இறுகாது. கரையேறியதும் சாவியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அரிசிக்குள் புதைக்காதீர்கள், உடனே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். உப்புநீர் மெஷினுக்குள் போனால் துரு காத்திருக்காது.

‘தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது’ என்று வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சாவி திறந்து கிடந்ததா, வெளியாள் பின்மூடியைத் திறந்தாரா, வாஷரே பழுதா என்பதில்தான் வழக்கு நிற்கிறது. சர்வீசுக்குக் கொடுக்கும்போதே கீறல்களையும் வரிசை எண்ணையும் ஜாப் கார்டில் எழுத வையுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் முடிந்த வாட்சில் தண்ணீர் புகுந்தால் அது சேவைக் குறைபாடு.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, சென்னையில் வாங்கிய பொருளுக்கும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை; வக்கீலும் கட்டாயமில்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

துபாயில் வாங்கியதென்றால் அந்தக் கடைமீது இங்கே வழக்காடுவது கடினம். கடை முத்திரையும் தேதியும் உள்ள சர்வதேச வாரண்டி கார்டை வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வருகிற தம்பியிடம் வாட்சை மட்டும் கொடுத்தனுப்பாமல் பில்லையும் சேர்த்தே கொடுத்தனுப்புங்கள்.