விரல் நுனி போனது; கம்பி மெலிந்தது!

கிதார் பழகுகிறவர்கள் எந்தக் கம்பி வாங்குவது?

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரம். 1965-ம் ஆண்டு. டோனி அயோமி என்ற 17 வயது வாலிபருக்கு தகட்டுத் தொழிற்சாலையில் அன்று கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வந்தவர், இனி போகவில்லை என்றார். தாயார் விடவில்லை. வேலையை முடித்துவிட்டு வரும்படி அனுப்பிவிட்டார்.

போனவரின் வலது கை எந்திரத்தில் சிக்கியது. இரண்டு விரல்களின் நுனி துண்டானது!

அவர் இடது கைப் பழக்கக்காரர். கிதாரில் கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான்!

பாஞ்சோ கம்பி

வாலிபர் அசரவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். மேலே தோல் ஒட்டினார். ஆனால் தடித்த கம்பியை அழுத்த முடியவில்லை. மெல்லிய செட் கிடைப்பது அரிதான காலம். பாஞ்சோ வாத்தியத்தின் கம்பியை வாங்கிப் பூட்டினார். பின்னால் உலகப் புகழ் பெற்ற 'பிளாக் சபாத்' குழுவின் கிதார் கலைஞர் இவர்தான்.

அமெரிக்காவிலும் இதே தொல்லை. மூன்றாவது கம்பி ரொம்பத் தடிமன் என்று மாணவர்கள் திணறினார்கள். கலிபோர்னியாவில் கடை வைத்திருந்த எர்னி பால், 1960-களின் தொடக்கத்தில் மெல்லிய செட்டுகளைச் செய்வித்து 'ஸ்லிங்கி' என்று விற்றார். சக்கைப்போடு போட்டது!

ஒன்பதா, பத்தா?

பாக்கெட்டில் 9-42 என்றும் 10-46 என்றும் போட்டிருக்கும். முதல் எண் மிக மெல்லிய கம்பி. அடுத்தது மிகத் தடித்தது. ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால் அதில் 9 கூறு, 10 கூறு.

ஒரு கூறுதானே என்று நினைக்காதீர்கள். 9 செட்டில் ஆறு கம்பிகளும் இழுக்கும் இழுவை சுமார் 38 கிலோ. 10 செட்டில் சுமார் 46 கிலோ! புதிதாகப் பழகுகிறவருக்கு 9 நல்லது. ஓங்கி அடித்து வாசிப்பவருக்கு 10. சுருதியை நன்றாக இறக்கி வாசித்தால் 11, அதற்கும் மேல்.

ஸ்டீவி ரே வாகன் 13 போட்டு விரல் புண்ணாக வாசித்தார். பில்லி கிப்பன்ஸ் வாசிப்பது வெறும் 7. இருவருமே ஜாம்பவான்கள்தான்!

பிராண்டு எது?

எர்னி பால், டடாரியோ இரண்டிலும் இதே கனங்கள் உண்டு. பிராண்டு மாறுவதைவிட கனம் மாறுவதுதான் விரலுக்குப் பளிச்சென்று தெரியும். எலிக்ஸிர் கம்பிக்கு மேல்பூச்சு உண்டு. விலை கூட, ஆயுளும் கூட.

உஷார்! சாதா கிதாருக்கான வெண்கலச் சுற்றுக் கம்பியை எலெக்ட்ரிக் கிதாரில் போடாதீர்கள். பிக்கப் காந்தத்துக்கு இரும்பு வேண்டும். வெண்கலச் சுற்றில் சத்தம் சோனியாகும். கனத்தை மாற்றினால் கிதாரின் கழுத்து வளையலாம். பழுது பார்ப்பவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைத்தால் துரு அண்டாது.

பாக்கெட்டில் யார் பெயர் இருந்தால் என்ன? அழுத்தப் போவது உங்கள் விரல்!