ஊரறியப் பேசி உருவாகும் ரகசியம்

ரகசியச் செய்தி அனுப்புகிறவர்களுக்கு நூற்றாண்டுகளாகத் தீராத தலைவலி ஒன்று இருந்தது: சாவியை எப்படிக் கொடுத்தனுப்புவது? செய்தியைப் பூட்டுபவரிடமும் திறப்பவரிடமும் ஒரே சாவி இருந்தாக வேண்டும். அது வழியில் யார் கையிலாவது சிக்கினால் எல்லாம் போச்சு. 1941 மே மாதம் ஜெர்மனியின் யூ-110 நீர்மூழ்கியை பிரிட்டிஷ் கடற்படை மடக்கியபோது, செய்திகளைப் பூட்டும் எனிக்மா இயந்திரத்தோடு குறியீட்டுப் புத்தகங்களும் சேர்ந்தே அகப்பட்டன.

1976-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் சாவியைக் கொடுத்தனுப்பவே வேண்டாம் என்றார்கள். எல்லார் காதிலும் விழும்படி பேசியே அதை உருவாக்கிக்கொள்ளலாம்! ரால்ஃப் மெர்க்கிளுக்கும் இதில் பங்குண்டு. அவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று ஹெல்மனே பின்னாளில் எழுதினார்.

நடக்காத காரியம் போலத் தோன்றுகிறதா? ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மீனாவும் ரவியும் 23, 5 என்ற எண்களை ஊரறியச் சொல்லிவிடுகிறார்கள். மீனா மனதுக்குள் 3-ஐ வைத்துக்கொள்கிறாள். 5-இன் மூன்றாம் அடுக்கு 125. 23-ஆல் வகுத்தால் மீதி 10. அந்த 10-ஐ ரவிக்கு அனுப்புகிறாள். ரவியின் ரகசிய எண் 7. 5-இன் ஏழாம் அடுக்கு 78,125, மீதி 17. அதை அவன் அனுப்புகிறான். இனி மீனா 17-இன் மூன்றாம் அடுக்கையும், ரவி 10-இன் ஏழாம் அடுக்கையும் 23-ஆல் வகுத்தால் இருவருக்கும் மீதி 14. அதுதான் சாவி. அந்த 14 என்ற எண்ணை இருவரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

23 சிறிய எண். ஒட்டுக்கேட்பவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே பிடித்துவிடுவான். அதன் இடத்தில் 600 இலக்கங்களுக்கு மேல் நீளும் பகா எண்ணை வைத்தால் கதை மாறிவிடும். அடுக்கை ஏற்றி மீதி காண்பது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. மீதியிலிருந்து திரும்பிப் போய் அடுக்கைக் கண்டுபிடிக்க, இன்றைய கணினிகளுக்கு ஏற்ற விரைவான வழி எதுவும் தெரியவில்லை. அப்படி ஒரு வழி இல்லவே இல்லை என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. இவ்வளவு பெரிய கட்டடம் நிரூபிக்கப்படாத நம்பிக்கை ஒன்றின் மேல் நிற்பது எனக்கு வியப்பு மட்டுமல்ல, கவலையும்கூட.

சாவி கிடைத்த பிறகு, செய்தியைப் பூட்டும் வேலையைப் பெரும்பாலும் ஏ.இ.எஸ். என்ற முறை செய்கிறது. 2001-இல் அமெரிக்கத் தரமாக அறிவிக்கப்பட்ட அதன் செயல்முறை முழுவதும் பகிரங்கம். ரகசியம் சாவி மட்டுமே.

ஒரு ஓட்டை மிச்சமிருக்கிறது. மீனா பேசிக்கொண்டிருப்பது ரவியோடுதானா? நடுவில் ஒருவன் புகுந்து இரு பக்கமும் தனித்தனியே சாவி போட்டுக்கொண்டால் இந்தக் கணக்கு அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்காகத்தான் டிஜிட்டல் கையெழுத்தும், இணையதளங்களுக்கான சான்றிதழ்களும்.

போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி வந்தால் அந்த மீதிக் கணக்கு உடைந்துவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டிவிட்டார். அதற்கு முன்னேற்பாடாக 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் வேறு வகைக் கணிதத்தில் அமைந்த புதிய முறைகளை வெளியிட்டது. குரோம் பிரவுசர் இப்போது பழையது, புதியது இரண்டையும் கலந்தே சாவி உருவாக்குகிறது.