மண்ணுக்குள் கிடைக்காத செல்வம்

கிளிநொச்சி மாவட்டத்தின் வட எல்லையில் உள்ள முகமாலை, போர்க்காலத்தில் முன்னரங்கப் பகுதியாக விளங்கியது. 2009ஆம் ஆண்டு போர் முடிவுற்ற பின்னர், அங்கு மிதிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடைபெற்று வந்துள்ளது. பணியாளர்களுள் பெண்கள் பலர். காப்புடையும் முகக்கவசமும் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகத் துருவுவர். ஓரடி நிலம் துப்புரவாகும் முன்னர் அடுத்த அடியை எடுத்து வைப்பதில்லை.

இக்காட்சி யோபு நூலின் 28ஆம் அதிகாரத்தை நினைவூட்டுகிறது. மனிதன் இருளைத் துளைத்துப் பூமியின் ஆழத்துக்கு இறங்குகிறான். பாறையைப் பிளந்து வெள்ளியையும் இரும்பையும் நீலமணியையும் வெளிக்கொணர்கிறான். ஆயினும் ஞானம் உறையும் இடம் அவனுக்குத் தெரியவில்லை. ஆழ்கடலும் அதனை அறியாது. ஓபீர் நாட்டுப் பொன்னைக் கொடுத்தாலும் அதனை வாங்க இயலாது. திறமை வேறு, ஞானம் வேறு என்பதே யோபு நூல் உணர்த்தும் உண்மை.

இவ்வுண்மையை வன்னி மண் நன்கு அறியும். மிதிவெடியைச் செய்ய அறிவு வேண்டும். எவரும் காணாதவாறு புதைக்கத் திறமை வேண்டும். எந்தக் குழந்தையின் பாதம் நாளை அதன்மேல் படும் என்று எண்ணிப் பார்க்கவோ ஞானம் வேண்டும்.

புதையலைத் தேடுவது போல் ஞானத்தைத் தேடுமாறு நீதிமொழிகள் நூல் (2:4) நம்மை அழைக்கிறது. புதைக்கப்பட்ட தங்கம் இருப்பதாக நம்பி முல்லைத்தீவு மாவட்டத்தில் நிலம் அகழப்பட்ட செய்திகளைப் பலமுறை வாசித்திருக்கிறோம். அதே மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில், 2023ஆம் ஆண்டு நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. பொன்னைத் தேடுபவரும் பிள்ளையைத் தேடும் தாயும் ஒரே மண்ணையே நோக்கி நிற்கின்றனர். எந்தத் தேடலுக்கு நம் உள்ளம் துணைநிற்கிறது?

கிபயோனில் கனவில் தோன்றிய ஆண்டவரிடம் சாலமோன் நீடிய ஆயுளையோ செல்வத்தையோ பகைவரின் உயிரையோ கேட்கவில்லை (1 அரசர் 3). மக்களுக்கு நீதி வழங்க, நன்மை தீமையைப் பகுத்துணரும் உள்ளத்தையே கேட்டார். அதனையடுத்து விவிலியம் கூறும் வழக்கு, ஒரு குழந்தைக்காக வாதிட்ட இரு பெண்களுடையது. உண்மைத் தாயின் மனத்துடிப்பை இனங்கண்டதிலேயே மன்னரின் ஞானம் விளங்கிற்று. காணாமல் ஆக்கப்பட்ட உறவுகளுக்காக 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் தாய்மார் போராட்டத்தில் அமர்ந்தனர். அவர்களுள் பலர் விடை கிடைக்காமலே கண்மூடினர். தாயின் கண்ணீருக்குச் செவிகொடாத ஆட்சியில் எத்தனை அறிஞர் இருப்பினும், அது சாலமோனின் ஞானத்தை இன்னும் கேட்டுப் பெறவில்லை.

ஆட்சியாளரைக் குறித்து மட்டும் பேசி நாம் தப்பிவிட முடியாது, அன்புக்குரியவர்களே! ஆண்டவருக்கு அஞ்சுவதே ஞானம். தீமையை விட்டு விலகுவதே அறிவு என்று யோபு நூலின் அந்த அதிகாரம் நிறைவுறுகிறது. இவ்வச்சம் தண்டனைக்கு நடுங்கும் அச்சமன்று. பிறருக்குக் கேடு விளையக்கூடாதே என்று கையைத் தடுத்து நிறுத்தும் பக்தி. உறவினருக்கிடையே, அயலவருக்கிடையே, ஏன், ஒரே பங்கின் மக்களுக்கிடையேகூட, சொல்லாலும் பகையாலும் நாம் புதைத்து வைத்தவை எத்தனை! அவற்றைப் பொறுமையோடு தேடி அகற்றுவதும் ஞானத்தைத் தேடுவதே.

இன்றிரவு செபிக்கையில், பிற வரங்களைக் கேட்குமுன் சாலமோன் கேட்டதைக் கேட்போம். நாம் கடந்த பாதையில், நமக்குப் பின் வருவோர் அச்சமின்றிக் கால் பதிக்கட்டும்.