இதயக் குழாயில் அடைப்பு: சதவீதம் மட்டும் போதுமா?

"ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்ததில் எழுபது சதவீதம் அடைப்பு இருக்கிறதாம்." இச்செய்தியைக் கேளாத குடும்பம் இன்று அரிதாகிவிட்டது. ஒதியம்பட்டிலிருந்தும், வில்லியனூர் சுல்தான்பேட்டையிலிருந்தும், சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் நெஞ்சுவலியென்று புதுவை நகரத்து மருத்துவமனைகளுக்குச் செல்வோரின் குடும்பத்தார் அந்த ஓர் எண்ணைக் கேட்டதுமே நிலைகுலைந்து போகின்றனர். நகையை அடகு வைப்பதா, வளைகுடா நாட்டிலுள்ள மகனிடம் பணம் கேட்பதா என்ற கவலை ஒருபுறம். உடனே கையொப்பமிட வேண்டுமோ என்ற அச்சம் மறுபுறம். அந்த எண் நமக்கு உணர்த்துவது என்ன, உணர்த்தாமல் விடுவது என்ன என்பதை ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

வாய்க்கால் கற்பிக்கும் பாடம்

இதயம் உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. அதற்கு வேண்டிய இரத்தமோ அதன் தசையில் படர்ந்துள்ள தனிக் குழாய்களின் வழியாகவே கிடைக்கிறது. இதயம் தன் உடலுக்குள் ஓடும் குழாய்களிலிருந்தே ஊட்டம் பெறுகிறது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர், டமாஸ்கஸில் கல்வி கற்றுக் கெய்ரோவில் மருத்துவம் புரிந்த இப்னு நஃபீஸ் ஆவார். அக்குழாய்களில் கொழுப்புப் படிந்து வழி குறுகுவதையே நாம் அடைப்பு என்கிறோம்.

ஆஞ்சியோகிராம் என்பது குழாயினுள் மருந்தைச் செலுத்தி எடுக்கப்படும் நிழற்படம். குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை அது காட்டும். குறுகலுக்கு அப்பால் தசைக்குத் தேவையான இரத்தம் போய்ச் சேர்கிறதா என்பதை நேராகக் காட்டாது. வயல் வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். மதகு பாதி மூடியிருந்தாலும், அது பாய்ச்ச வேண்டிய நிலம் கால் காணியாயின் கடைமடைக்கும் நீர் எட்டிவிடும். அதே மதகு பத்துக் காணிக்குப் பாய வேண்டுமாயின் பயிர் வாடும். மதகின் இடைவெளியை மட்டும் பார்த்து நிலம் காய்கிறதா என்று கூற இயலாது. கடைமடைக்குச் சென்று பார்த்தாக வேண்டும்.

அழுத்தத்தை அளப்பது எவ்வாறு?

கடைமடைக்குச் சென்று பார்க்கும் அந்த வேலையைச் செய்வதே எஃப்.எஃப்.ஆர். எனப்படும் அழுத்த அளவீடு. ஆஞ்சியோகிராம் செய்த அதே வழியில், ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு அளவே பருமனுள்ள கம்பி ஒன்றைக் குறுகலைக் கடந்து செலுத்துகின்றனர். அதன் நுனியருகே அழுத்தத்தை அளக்கும் நுண்கருவி உள்ளது. பின்னர் அடினோசின் என்னும் மருந்தைக் கொடுத்து இரத்த ஓட்டத்தை உச்சத்திற்குக் கொண்டுவருகின்றனர். அவ்வேளையில் குறுகலுக்கு அப்பாலுள்ள அழுத்தத்தைப் பெருந்தமனியின் அழுத்தத்தால் வகுத்துக் கிடைப்பதே விடை.

குறையற்ற குழாயில் விடை 1. அது 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அக்குறுகல் தசையின் இரத்தத்தைக் குறைக்கிறது என்று கொள்வர். மருந்து செலுத்தும் சில நிமிடங்களில் மூச்சுத் திணறலும் நெஞ்சில் இறுக்கமும் தோன்றி மறையலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் அதனை முன்னரே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். அடினோசின் இன்றியே இதயம் விரியும் வேளையில் அளக்கும் ஐ.எஃப்.ஆர். என்ற முறையும் உண்டு. அதில் எல்லை 0.89.

ஆய்வுகள் காட்டிய உண்மை

1977இல் சூரிச் நகரில் பலூன் சிகிச்சையைத் தொடங்கிய ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக்கே குறுகலின் இருபுறமும் அழுத்தத்தை அளந்து பார்த்தவர்தாம். ஆனால் அன்றைய குழாய் தடிமனானது. தானே ஓர் அடைப்பாக நின்று அளவைக் கெடுத்தது. அவரிடம் பயின்ற டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986இல் சென்னையில் அச்சிகிச்சையை இந்தியாவுக்கு அறிமுகப்படுத்தினார். மெல்லிய கம்பி வந்தபின், 1990களில் நெதர்லாந்தின் நிக்கோ பைல்ஸும் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி புரூய்னும் எஃப்.எஃப்.ஆர். முறையை நிலைநாட்டினர்.

2009இல் வெளியான ஃபேம் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் குறுகலுள்ள 1,005 நோயாளிகள் இடம்பெற்றனர். படத்தை மட்டும் பார்த்து ஸ்டென்ட் வைக்கப்பட்டோரில், ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றுள் ஒன்றைச் சந்தித்தோர் 18.3 சதவீதம், அழுத்தத்தை அளந்து முடிவு செய்யப்பட்டோரில் 13.2 சதவீதமே. ஸ்டென்டுகளும் குறைவாகவே தேவைப்பட்டன. அந்நோயாளிகளின் குழாய்களை ஆராய்ந்தபோது, படத்தில் 50 முதல் 70 சதவீதம் எனத் தோன்றிய குறுகல்களுள் நூற்றுக்கு 35 மட்டுமே இரத்த ஓட்டத்தை உண்மையில் பாதித்திருந்தன. 71 முதல் 90 சதவீதம் எனத் தோன்றியவற்றிலும் ஐந்தில் ஒன்று பாதிக்கவில்லை!

எங்கே பொருந்தாது?

இதைப் படித்துவிட்டு எவரும் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. மாரடைப்பு நேர்ந்தால், அதற்குக் காரணமான குழாயைத் திறப்பதே முதற்கடமை. ஒவ்வொரு நிமிடமும் தசை மடிகிறது. அங்கே அழுத்தக் கணக்குப் பார்க்க நேரமில்லை; பார்த்தாலும் அந்த அளவு பிழைபடலாம். ஓய்விலும் நீங்காத வலி, வியர்வை, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மூன்று குழாய்களும் கெட்டிருப்போருக்கு இவ்வளவீட்டின் துணையோடு ஸ்டென்ட் வைத்தாலும், அது பைபாஸ் அறுவைக்கு ஈடாகவில்லை என்பதை 2022இல் வெளியான மூன்றாம் ஃபேம் ஆய்வு காட்டியது. மேலும், அளவு நன்றாக இருந்தாலும் நோய் இல்லையென்று பொருளாகாது. மாத்திரைகள், புகையிலையை விடுதல், சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் கட்டுப்படுத்தல் யாவும் தொடரவேண்டும். நம் வீட்டு விருந்துகளில் நெய்யும் இறைச்சியும் அளவு மீறுவதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

குடும்பத்தார் கேட்க வேண்டியவை

நிலையான நெஞ்சுவலி உள்ளவருக்குப் படத்தில் நடுத்தரமான அடைப்புத் தெரிந்தால், மருத்துவரிடம் பணிவோடு மூன்று கேள்விகள் கேட்கலாம். "இந்த அடைப்பு இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது என்பது எதனால் தெரிகிறது? அழுத்தத்தை அளந்து பார்க்க இங்கு வசதி உண்டா, செலவு என்ன? இப்போது மாத்திரையோடு காத்திருந்தால் ஆபத்து உண்டா?" நல்ல மருத்துவர் இவற்றைக் கேட்டுச் சினம் கொள்ளமாட்டார்.

ஸ்டென்டுகளுக்கு 2017 முதல் நடுவணரசு விலை வரம்பு விதித்துள்ளது. ஆயினும் மருத்துவமனைச் செலவும், பின்னர் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகளும், அவற்றால் நேரக்கூடிய இரத்தக் கசிவும் குடும்பத்தின் பொறுப்பிலேயே வந்து விழுகின்றன. வேண்டாத ஸ்டென்டுக்காக வட்டிக்குக் கடன் வாங்கித் தவிப்பது எத்துணை வேதனை! வேண்டிய ஸ்டென்டை அச்சத்தால் மறுத்து ஒரு தந்தையை இழப்பது அதனினும் கொடிது. இவ்விரண்டையும் தவிர்க்க உதவுவது சரியான அளவே.

நிறுவையிலும் அளவையிலும் நேர்மையை வலியுறுத்தும் மார்க்கம் நம்முடையது. நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பற்றிய முடிவை அச்சத்தால் எடுக்காமல், அளந்தறிந்து எடுத்து, பலனை அவனிடம் ஒப்படைப்போமாக.