ஐந்து சான்றுகளும் ஆறாம் எண்ணும்

எடுத்துக்காட்டுகள் பல ஒருமுகமாக நிற்பின், அதனையே மெய்யெனக் கொள்வது மாந்தர் இயல்பு. உலகியலில் இஃது ஓரளவு பொருந்தும், கணிதத்திலோ பொருந்தாது. இதற்குத் தக்க சான்று 4294967297 என்னும் பேரெண். நம் வழக்கில் கூறின், 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297.

இவ்வெண் பிறந்த வகையை முதலில் நோக்குவோம். 2-ஐ அதனாலேயே பெருக்கினால் 4. 4-ஐ அதனாலேயே பெருக்கினால் 16. இவ்வாறே 256, 65536, 4294967296 என விரியும். ஒவ்வொன்றோடும் 1 கூட்டுக. 3, 5, 17, 257, 65537 என வரும் முதல் ஐந்தும் பகா எண்கள். அதாவது, ஒன்றாலும் தம்மாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதவை. ஆறாவதே நம் எண்.

பிரான்சு நாட்டுத் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்துக்கொண்டே கணிதம் வளர்த்தவர் பெர்மா. இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே எனத் தாம் நம்புவதாக அவர் 1640-இல் எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைத்தாரில்லை.

தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1732-இல், ருஷியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து அறிஞர் ஆய்லர், அவ்வாறாம் எண் 641-ஆல் மீதியின்றி வகுபடும் எனக் காட்டினார். ஈவு 6700417. ஐயமுடையோர் பெருக்கிப் பார்க்கலாம்: இவ்வீவின் 600 மடங்கு 4020250200; 40 மடங்கு 268016680; ஒரு மடங்கு 6700417. மூன்றையும் கூட்டுக, நம் எண்ணே வரும்.

641-ஐ எங்ஙனம் காண்பது? 2, 3, 5 எனப் பகா எண்களை ஒவ்வொன்றாக வைத்து வகுத்துச் சென்றால், நூற்றுப் பதினாறாம் முறையில் அது வரும். ஆய்லர் பின்னர் நிறுவிய விதியோ வழியை மிகவும் சுருக்கிற்று. நம் எண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை 64-ஆல் வகுத்தால் மீதி 1 ஆகவே இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிட்டும்!

கருத்துப் பிழைத்ததாயினும் பெர்மாவின் எண்கள் வீண்போகவில்லை. 1796-இல் கௌஸ் என்னும் ஜெர்மானிய இளைஞர், நேர்கோலும் கவராயமும் மட்டும் கொண்டு, பக்கமும் கோணமும் சமமான பதினேழு பக்க உருவத்தை வரையலாகும் என நிறுவினார். 17 இவ்வரிசையைச் சேர்ந்த பகா எண்ணாக இருப்பதே அதற்கு அடிப்படை.

அவ்வைந்தையன்றி வேறொரு பகா எண் இவ்வரிசையில் இதுவரை அகப்படவில்லை. இனி இல்லையென்றும் எவரும் நிறுவினாரில்லை.

நம் இல்லங்களில் கணக்குப் பயிலும் சிறார், நான்கு கணக்குகளுக்கு விடை சரியாக வந்தது கண்டு, தாம் கண்ட குறுக்குவழியை விதியென்றே கொள்வதுண்டு. அவர்களைக் கடிந்து பயனில்லை. ஒரு தாளில் 4294967297-ஐயும் 641-ஐயும் எழுதிக் கொடுத்து, வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கால் மணி நேரத்தில் அவர்களே உணர்ந்துகொள்வர்.