சான்றிதழில் இல்லாத காய்ச்சல்

“அப்பாவுக்குச் சும்மா சளிக்காய்ச்சல்தான் டாக்டர். மூச்சுதான் கொஞ்சம் வாங்குது.”

அமெரிக்காவின் வடக்கே, வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும் ஜனவரி இரவில், எமர்ஜென்சி வார்டில் நின்றபடி இதைத் தமிழில் கேட்கும்போது எனக்கு முதலில் வருவது கோபம்தான். எத்தனை நாளாக என்றால், ஐந்து நாள் என்பார்கள். கைப்பையில் சென்னையிலிருந்து வந்த மாத்திரை அட்டைகள் பாதி காலியாக இருக்கும். 2017-18 குளிர்காலத்தைப் பார்த்தபிறகு அந்தக் கோபத்தை நான் மறைப்பதில்லை.

அந்தக் குளிர்காலம்

எச்3என்2 வகை ஃப்ளூ வைரஸ் ஓங்கியிருந்த பருவம் அது. முதியவர்களை அதிகம் சாய்ப்பது இந்த வகைதான். ஜனவரியில் 50 மாநிலங்களில் 49-ல் ஃப்ளூ பரவிக் கிடந்தது. ஹவாய் மட்டும் விதிவிலக்கு. அலபாமாவில் ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். கலிஃபோர்னியாவிலும் பென்சில்வேனியாவிலும் மருத்துவமனை வாசலில் கூடாரம் போட்டு நோயாளிகளைப் பார்த்தார்கள். பட்ட காலிலே படும் என்பதுபோல சலைன் தட்டுப்பாடு வேறு. முந்தைய செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோரிக்கோவைச் சிதைத்தபோது அங்கிருந்த சலைன் பை ஆலைகளும் முடங்கிவிட்டன. குடிக்க முடிந்தவர்களுக்கெல்லாம் டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் நின்று குடிக்க வைத்தோம்.

“ஃப்ளூவில் யாருங்க சாகறாங்க?”

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவரைக் குறைசொல்ல முடியாது. சாவுக்குக் காரணம் ஃப்ளூ என்று அவர் எங்குமே படித்திருக்க மாட்டார்.

அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக 122 நகரங்களின் பதிவு அலுவலகங்கள் வாரந்தோறும் ஒரு கணக்கு அனுப்பிவந்தன. இந்த வாரம் எத்தனை இறப்புச் சான்றிதழ்கள் வந்தன, அவற்றில் எத்தனையில் நிமோனியா அல்லது இன்ஃப்ளூயன்ஸா என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். 2016 அக்டோபரில் அந்த முறையை நிறுத்திவிட்டு, நாடு முழுவதன் சான்றிதழ்களையும் நேரடியாக எண்ணத் தொடங்கினார்கள். 2018 ஜனவரியில் ஒரு வாரம் அந்த விகிதம் 10.8 சதவீதத்தைத் தொட்டது. பத்துச் சாவில் ஒன்றுக்கும் மேல்.

அதுவும் முழுக் கணக்கு அல்ல. ஃப்ளூ வந்தவர் பெரும்பாலும் ஃப்ளூ உச்சத்தில் இருக்கும்போது சாவதில்லை. பத்தாம் நாள் பாக்டீரியா நிமோனியாவில் போவார். அல்லது ஏற்கெனவே பலவீனமான இதயம் நின்றுபோகும். கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வொன்று அதே 2018 ஜனவரியில் வெளிவந்தது. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்றது. சான்றிதழில் மாரடைப்பு என்றிருக்கும். வீட்டில் “தூக்கத்துலயே போயிட்டார், புண்ணியம் பண்ணவர்” என்பார்கள். முந்தின வாரத்துக் காய்ச்சலை யாரும் நினைப்பதில்லை.

ஆகவே பெரியவர்களின் ஃப்ளூ சாவுகளைக் கணித மாதிரி கொண்டு மதிப்பிடத்தான் முடிகிறது. அந்தப் பருவத்துக்கு முதலில் சுமார் 80,000 என்றார்கள், பிறகு 61,000, பிறகு 52,000. “பார்த்தீங்களா, எல்லாம் புருடா” என்று என் மாமா ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மாமா, சான்றிதழ்கள் முழுமையாக வந்துசேர வருடங்கள் ஆகும். வரவர மதிப்பீட்டைத் திருத்துவார்கள். குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சேப்பாக்கம் மைதானம் கொள்ளாத கூட்டம்.

குழந்தைகளின் சாவை மட்டும் 2004 முதல் ஒவ்வொன்றாகப் பதிவுசெய்கிறார்கள். அந்தப் பருவத்தில் 180-க்கும் மேல். ஏறக்குறைய பாதிப் பேருக்கு முன்னால் எந்த நோயும் இல்லை. பெரும்பாலானோர் தடுப்பூசி போடாதவர்கள்.

மாத்திரை அட்டை வைத்தியம்

மூன்று நாள் அசித்ரோமைசின். இதுதான் நம்மவர்களின் முதல் ஆயுதம். ஃப்ளூ வைரஸை அது தொடக்கூட தொடாது. “மருந்து சாப்பிடறோமே” என்ற நிம்மதியில் அந்த மூன்று நாளும் போய்விடுகிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். ஃப்ளூவுக்கான மருந்தான டாமிஃப்ளூ நன்றாக வேலைசெய்வது முதல் 48 மணி நேரத்தில் கொடுத்தால். படுத்த படுக்கையானவர்களுக்கு அதற்குப் பிறகும் கொடுக்கிறோம், பயனும் உண்டு. ஆனால் முதல் நாள் கொடுத்ததற்கு ஈடாகாது.

அடுத்து, காலையில் டோலோ, மதியம் டைலனால், இரவு நைக்வில். மூன்றிலும் இருப்பது ஒரே பாராசிட்டமால்! ஊர்ப்பெயரும் இங்கத்திப் பெயரும் வேறு என்பதால் மருந்தும் வேறு என்று நினைக்கிறார்கள். கல்லீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

குழந்தைக்கு டிஸ்பிரின் கரைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஃப்ளூ நேரத்தில் ஆஸ்பிரின் கொடுத்தால் அரிதாக மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ‘ரேய்ஸ்’ நோய் வரும். ஆவி பிடிக்கவென்று வைத்த கொதிநீர்ப் பாத்திரம் மடியில் கவிழ்ந்து, ஃப்ளூவுடன் தீக்காயமும் சேர்ந்து வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

கஷாயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் குடிப்பவன்தான். அது தொண்டைக்கு இதம், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

“தடுப்பூசி போட்டதாலதான் காய்ச்சலே வந்தது” என்பவர்களுக்கு: அந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, நோய் தர அதனால் முடியாது. கை வலிக்கும், ஒருநாள் உடம்பு கணகணக்கும். அந்த வருடத் தடுப்பூசி 38 சதவீதம்தான் பலன் தந்தது, எச்3என்2-க்கு இன்னும் குறைவு. ஒத்துக்கொள்கிறேன். ஓட்டைக் குடைதான். கொட்டும் மழையில் அதையும் வீட்டில் வைத்துவிட்டுப் போவீர்களா?

பரிசோதனை

மூக்கில் குச்சி விட்டு எடுப்போம். ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ் என்றாலும் ஃப்ளூ இல்லை என்று ஆகிவிடாது.

ஏன் தாமதம்?

காரணம் எனக்குத் தெரியும். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்திருக்கும் அம்மா, அப்பா. அவர்களுக்கு எடுத்த பயண இன்சூரன்ஸ் எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்று மகனுக்கே தெரியாது. “பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது” என்று அம்மா இருமலைத் தலையணையில் அமுக்கிக்கொள்வார். முதல் நாள் சாதாரண கிளினிக்கில் முடிந்திருக்கக்கூடிய செலவு, ஐந்தாம் நாள் ஐசியூவில் எவ்வளவாகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதியவர்களுக்குக் காய்ச்சலே தெரியாமலும் போகலாம். பேச்சு குழறினாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, மூச்சு இரைத்தாலோ காத்திருக்காதீர்கள். காய்ச்சல் விட்டு, இரண்டு நாள் தெளிந்து, மறுபடி இருமலோடு ஏறினால் உடனே கிளம்புங்கள். அதுதான் நிமோனியா வரும் வழி.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அக்டோபரிலேயே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், ஊசி பலன் தர இரண்டு வாரம் ஆகும். கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ள வேண்டும். எட்டு வயது வரையிலான குழந்தைக்கு முதல் முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. மளிகை வாங்கப் போகும் கடையிலேயே மருந்தகம் இருக்கிறது, பத்து நிமிட வேலை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆங்கிலம் தெரியாது என்று தயங்குவார். ரவிக்கைக் கையைச் சற்று மேலே ஏற்றினால் போதும் என்று சொல்லுங்கள்.