விடுப்பு எடுத்தால் பதவி உயர்வு தள்ளிப்போகுமா?

கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியரின் வேலையை மதிப்பெண் போட்டு அளக்கும் முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2010-இல் கொண்டுவந்தது, 2018-இல் அதை மாற்றி எழுதியது. விதியில் ஆண், பெண் பேதம் கிடையாது. ஆனால் பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு, விழாக் கமிட்டி, மாணவிகளின் குறை கேட்பது எல்லாம் பெரும்பாலும் ஆசிரியைகள் தலையில்தான் விழுகின்றன. கட்டுரை எழுத நேரம் எங்கே?

எழுதிய கட்டுரையிலும் பங்கு குறையலாம். கலைப்பாடத்தில் ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு 10 மதிப்பெண். மூன்று பேர் சேர்ந்து எழுதினால் முதன்மைக் கட்டுரையாளருக்கு 7, மற்ற ஒவ்வொருவருக்கும் 3. தகவல் திரட்டி, எழுதித் திருத்தியது இளம் ஆசிரியையாக இருந்தும், துறைத்தலைவர் பெயர் முதலில் வந்தால் அந்த ஆசிரியைக்குக் கிடைப்பது 3 தான். பெயர் வரிசையை வேலை தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் பேசி முடித்துவிடுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒரு பாதுகாப்பு 2018 விதிமுறைகளிலேயே இருக்கிறது. மகப்பேறு விடுப்பு, குழந்தை பராமரிப்பு விடுப்புக் காலத்தை மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது. பணியாற்றிய மீதிக் காலத்தை மதிப்பிட்டு, அதையே முழுக் காலத்துக்கும் கணக்கிட வேண்டும். விடுப்பால் பதவி உயர்வு பாதிக்கப்படவும் கூடாது. ஒரே நிபந்தனை: முறையான முன் அனுமதி. "போய்ட்டு வாங்கம்மா, பாத்துக்கலாம்" என்ற வாய்ச்சொல் பின்னர் எந்தக் கமிட்டியிலும் செல்லாது.

நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பது அடுத்த ஆபத்து. கர்ப்பம் என்று தெரிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவது எளிது. ஆனால் டெல்லியில் ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-இல், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறு பலன் தொடரும் என்று தீர்ப்பளித்தது. முனைவர் பட்ட மாணவிகளுக்கும் பாதுகாப்பு உண்டு: 240 நாள் வரை விடுப்பும், கூடுதலாக 2 ஆண்டு அவகாசமும் தர யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகள் இடமளிக்கின்றன.

மதிப்பீட்டு அதிகாரம் கையில் உள்ளவரே பாலியல் தொல்லை தந்தால், உள் புகார்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். விசாரணை முடியும்வரை அவர் உங்கள் பணி அறிக்கையை எழுதக் கூடாது என்று அந்தக் குழுவிடமே எழுதிக் கேட்கலாம். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தின் விதிகளில் இதற்கு வழியுண்டு.

விடுப்பு ஆணை, பணி ஒப்பந்தம், மதிப்பீட்டுப் படிவம் மூன்றின் நகலையும் இன்றே உங்கள் வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.